மடகாஸ்கர் காடுகளை எரிப்பது யார்?

நம் வீட்டு முற்றங்களில் ஆண்டு முழுவதும் பூத்துக் கொண்டேயிருக்கும் நித்திய கல்யாணிச் செடியை அறியாதவர் இலர். கோடை விடுமுறை நெருங்கும்போது பள்ளிக்கூட வாசல்களில் செக்கச் செவேலெனப் பூக்கும் குல்மொகர் மரமும், பூங்காக்களில் விசிறியை விரித்துப் பிடித்தாற்போல் நிற்கும் விசிறிவாழையும் நமக்கு நன்கு பழக்கமானவையே. இம்மூன்றுக்கும் தாயகம் ஒன்றுதான். ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்கிழக்கே, ஏறத்தாழ 400 கி.மீ. தொலைவில், இந்தியப் பெருங்கடலில் கிடக்கும் மடகாஸ்கர் தீவே அது.

நித்திய கல்யாணியின் இலையிலிருந்து 1950-களின் இறுதியில் வின்பிளாஸ்டின் என்னும் மருந்தும், அதையடுத்து வின்கிரிஸ்டின் என்னும் மருந்தும் பிரித்தெடுக்கப்பட்டன. குழந்தைகளைத் தாக்கும் இரத்தப் புற்றுநோய்க்கு எதிராக மருத்துவர்கள் கையாளும் முக்கியக் கருவிகளுள் வின்கிரிஸ்டின் ஒன்று. நம் தென் மாவட்டங்களில் இச்செடியைப் பயிராகவே வளர்த்து ஏற்றுமதி செய்கின்றனர். ஆகவே, அந்தத் தீவின் காடுகளில் இன்னும் என்னென்ன இருக்கின்றன, அவை எவ்வாறு அழிகின்றன என்பது நமக்குத் தொடர்பில்லாத செய்தி அன்று.

மடகாஸ்கர் உலகின் நான்காவது பெரிய தீவு. பரப்பு சுமார் 5,87,000 ச.கி.மீ.; அதாவது தமிழ்நாட்டைப் போல் நான்கு மடங்குக்கும் மேல். ஒரு காலத்தில் அது நம் இந்தியத் துணைக்கண்டத்தோடு ஒட்டியே இருந்தது. சுமார் 8 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் இந்தியா பிரிந்து வடக்கே நகர, மடகாஸ்கர் தனியே நின்றுவிட்டது. அன்று முதல் அங்குள்ள உயிர்கள் தம் போக்கில் வளர்ந்தன. அங்குள்ள செடி கொடி மரங்களில் 11,000-க்கும் மேற்பட்ட இனங்கள் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றில் பத்தில் எட்டு உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. தவளைகளில் ஏறக்குறைய எல்லாமே அத்தீவுக்கு மட்டும் உரியவை. உலகப் பச்சோந்தி இனங்களில் பாதி அங்கேதான். குரங்கினத்தின் தூரத்து உறவினரான லெமூர்கள் இயற்கையாக வாழும் இடமும் அத்தீவும் அதையடுத்த சின்னஞ்சிறு தீவுகளுமே. 2020-ல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புக் கூட்டமைப்பு வெளியிட்ட பட்டியலின்படி 107 லெமூர் இனங்களில் 103 இனங்கள் அழியும் அபாயத்தில் உள்ளன.

ஏன் இந்த நிலை? "மலகாசி உழவர்கள் காட்டை எரிக்கிறார்கள்" என்பதே நெடுநாளாகச் சொல்லப்படும் விடை. இவ்விடையில் உண்மை உண்டு. ஆனால் அது பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் தீட்டிய திட்டங்கள் பல, தீயை அணைக்கவில்லை.

மழை வரைந்த எல்லைகள்

மடகாஸ்கரில் ஒரு காடு இல்லை. பல வகைக் காடுகள் உள்ளன. இதற்குக் காரணம் மலையும் காற்றும். தீவின் கிழக்குக் கரையை ஒட்டி வடக்குத் தெற்காக ஒரு செங்குத்தான மலைச்சரிவு ஓடுகிறது. தென்கிழக்கிலிருந்து ஆண்டு முழுவதும் வீசும் வியாபாரக் காற்று கடல் ஈரத்தைச் சுமந்து வந்து இச்சரிவில் மோதி மழையைக் கொட்டிவிடுகிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் கேரளப் பக்கம் மழையும் கோயம்புத்தூர்ப் பக்கம் மழை மறைவும் இருக்கின்றன அல்லவா? அதே ஏற்பாடு அங்கே இடம் வலம் மாறி அமைந்திருக்கிறது. கிழக்குச் சரிவில் 2,000 மி.மீ.க்கும் மேல் மழை பெய்து பசுமைமாறாக் காடு செழிக்கிறது. நடுவே மேட்டு நிலம், புல்வெளியும் நெல்வயலும். மேற்கே இறங்கினால் மழையில்லாப் பருவத்தில் இலையுதிர்க்கும் வறண்ட காடு. தென்மேற்கு மூலையில் மழை 500 மி.மீ.க்கும் குறைவு, அங்கே முள்காடு. மேற்குக் கரையின் கழிமுகங்களில் அலையாத்திக் காடுகள்.

உயிர்களும், அவை வாழும் மண், நீர், காற்று ஆகியவையும் ஒன்றோடொன்று பிணைந்து இயங்கும் அமைப்பைச் சூழ்நிலைத் தொகுதி என்பர். மடகாஸ்கரில் இத்தகைய தொகுதிகள் பல அடுத்தடுத்து இருக்கின்றன. ஒவ்வொன்றையும் நெருக்கும் சக்தி வேறு. அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்ப்பதே முறை.

சாம்பலில் விளையும் நெல்

முதலில் கிழக்குச் சரிவைப் பார்ப்போம். இங்குள்ள உழவர்கள் செய்யும் சாகுபடிக்குத் ‘தாவி’ என்று பெயர். மழை குறைந்த மாதங்களில் சரிவிலுள்ள காட்டை வெட்டிக் காயப் போடுவார்கள். அக்டோபர், நவம்பர் வாக்கில் தீ வைப்பார்கள். சாம்பல் ஆறியதும், கூர்மையான கோலால் குழியிட்டு, ஒவ்வொரு குழியிலும் சில நெல் விதைகளைப் போட்டு மூடுவார்கள். உழவு இல்லை, பாத்தி இல்லை, பாசனம் இல்லை. மலைநாட்டு மக்கள் புனம் எரித்துத் தினை விதைத்ததும், இலங்கையில் சேனைப் பயிர் செய்வதும் இதே முறைதான். ஆகவே இதை ஏதோ அறியாமையின் விளைவு என்று தள்ளிவிட முடியாது.

இங்கே மாணவர்கள் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். அடர்ந்த காடு வளர்ந்திருப்பதைக் கண்டு, அடியிலுள்ள மண்ணும் வளமானதாக இருக்கும் என்று எண்ணிவிடுகிறோம். வெப்பமண்டல மழைக்காட்டில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. கோடிக்கணக்கான ஆண்டுகள் மழையில் ஊறி, கரையக்கூடிய சத்துக்கள் எல்லாம் கழுவப்பட்டு, இரும்பும் அலுமினியமும் மிஞ்சிய செம்மண்ணே அங்கே உள்ளது. காட்டின் சத்து மண்ணில் இல்லை, மரங்களில் இருக்கிறது. விழுந்த இலை மக்கியவுடன், அதன் சத்தை மேல்மட்ட வேர்கள் உறிஞ்சி மறுபடி மரத்துக்கே அனுப்பிவிடுகின்றன. காடு தன் முதலைக் கையிலேயே வைத்துச் சுழற்றுகிறது என்று கூறலாம்.

தீ வைக்கும்போது இந்த முதல் முழுவதும் ஒரே நாளில் சாம்பலாகி மண்ணில் விழுகிறது. பொட்டாசியம், கால்சியம், பாஸ்பரஸ் ஆகியவை பயிருக்குக் கிடைக்கின்றன. மண்ணின் புளிப்புத் தன்மையும் குறைகிறது. நைட்ரஜனில் பெரும்பகுதியும் கந்தகமும் புகையோடு போய்விடுகின்றன. முதல் பருவத்தில் நெல் ஓரளவு விளைகிறது. அப்போதும் எக்டேருக்கு 1 டன்னுக்கு மேல் கிடைப்பது அரிது. அடுத்த மழையில் சாம்பல் கரைந்து ஓடிவிடுகிறது. களையும் பெருகுகிறது. உழவர் அந்த நிலத்தைக் கைவிட்டு அடுத்த இடத்துக்குப் போகிறார்.

கைவிட்ட நிலம் நீண்டகாலம் ஓய்ந்து கிடந்தால் மீண்டும் மரங்கள் எழுந்து முதலைச் சேர்த்துவிடும். அப்படி ஓய விடுவதுதான் இம்முறையின் உயிர். கிழக்குச் சரிவில் பெஃபொரோனா என்னும் வட்டாரத்தில் நடந்து 2007-ல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. முன்பு 8 முதல் 15 ஆண்டுகள் தரிசாகக் கிடந்த நிலம், முப்பது ஆண்டுக் காலத்தில் 3 முதல் 5 ஆண்டுகள் மட்டுமே ஓய்வு பெறும் நிலைக்கு வந்துவிட்டது. முதல் ஓய்வில் எழுந்தவை மரங்கள். ஒவ்வொரு முறை எரித்த பின்னும் அவை குறைந்து, புதர்கள் வந்தன. அவற்றில் நம் ஊர் மலைக்காடுகளையும் அடைத்துக் கிடக்கும் உண்ணிச்செடியும் ஒன்று. பின்னர் புதர்களும் போய், பெரணிகளும் தர்ப்பைப் புல்லும் வந்தன. காட்டை அழித்த நாளிலிருந்து 20 முதல் 40 ஆண்டுகளுக்குள் நிலம் எதற்கும் பயன்படாமல் கைவிடப்பட்டது. அதற்குள் உழவர், இன்னும் எரியாத காட்டை நோக்கி ஒரு மேடு மேலே ஏறியிருப்பார். சரிவில் தீ மேல்நோக்கி ஏறிக்கொண்டே போவதன் கணக்கு இதுதான்.

நாடு விடுதலை பெற்ற 1960-ல் மக்கள்தொகை சுமார் 50 இலட்சம். 2018-ல் எடுத்த கணக்கில் அது 2 கோடியே 57 இலட்சம். மலகாசி மொழியில் ‘உணவு உண்ணுதல்’ என்பதற்கே ‘அரிசி உண்ணுதல்’ என்றுதான் சொல்வார்கள். சாதம் ஆயிற்றா என்று கேட்கும் நமக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமன்று. முன்னோர் தென்கிழக்கு ஆசியாவின் போர்னியோ பக்கத்திலிருந்து கடல் கடந்து வந்தபோதே நெல்லும் அவர்களோடு வந்தது.

எரிந்தது போக எஞ்சிய காடும் நலமாக இருக்கிறதா? 1953-ல் தீவின் பரப்பில் 27 விழுக்காடாக இருந்த இயற்கைக் காடு, 2014-ல் 15 விழுக்காடாகிவிட்டது. அதைவிடக் கவலைக்குரியது, எஞ்சியதில் 46 விழுக்காடு காட்டின் ஓரத்திலிருந்து 100 மீட்டருக்குள் இருப்பதுதான். ஓரம் என்றால் வெயில், உலர்காற்று, தீப்பொறி, கோடரி, கண்ணி எல்லாம் எட்டும் இடம். விசிறிவாழையின் கெட்டியான பூமடல்களைக் கையால் பிரித்துத் தேன் குடித்து மகரந்தம் சுமப்பது கழுத்தில் மயிர்க்குஞ்சம் உடைய ஒரு லெமூர். பெரிய மரங்களின் பழங்களை விழுங்கி விதைகளைப் பரப்புவதும் இத்தகைய லெமூர்களே. இவை திட்டுத்திட்டான காட்டில் வாழ இயலாமல் மறைந்தால், நிற்கும் மரங்களுக்கும் வாரிசு இல்லாமல் போகும். 30 செ.மீ. நீளமுள்ள தேன்குழல் கொண்ட ஓர் ஆர்க்கிட் மலரைக் கண்ட டார்வின், அவ்வளவு நீளமான உறிஞ்சுகுழல் உடைய அந்துப்பூச்சி ஒன்று மடகாஸ்கரில் இருந்தே தீரவேண்டும் என்று 1862-ல் எழுதினார். 1903-ல் அந்தப் பூச்சி விவரிக்கப்பட்டது. ஒன்றின் உயிர் மற்றொன்றின் நாவில் இருக்கிறது.

சட்டமும் சந்தையும்

காட்டை எரிக்கக் கூடாதென்று சட்டம் போட்டால் போதாதா என்று கேட்கலாம். சட்டத்துக்குக் குறைவே இல்லை. இரண்டாம் ரணவலோனா அரசி 1881-ல் வெளியிட்ட 305 விதிகள் கொண்ட சட்டத் தொகுப்பிலேயே காட்டை எரிப்பதற்குத் தடை உண்டு. 1896-ல் நாட்டைத் தனதாக்கிக் கொண்ட பிரெஞ்சு அரசும் தாவியைத் தடை செய்தது. ஆனால் அதே அரசு, காடுகளை மரக் கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விட்டது. கிழக்கில் நல்ல நிலங்களைக் காபித் தோட்டங்களுக்குக் கொடுத்தது. வரிக்கும் கட்டாய வேலைக்கும் அஞ்சிய மக்கள் காட்டுக்குள் ஒதுங்கித் தாவி செய்து பிழைத்தனர். தடையை மீறுவது அவர்களுக்குக் குற்றமாகப் படவில்லை. முன்னோர் வழியாகவே பட்டது.

இன்னொரு முடிச்சும் உண்டு. அரசின் சட்டப்படி காடு அரசுக்குச் சொந்தம். ஊர் வழக்கப்படியோ, முதலில் வெட்டித் திருத்தியவருக்கே நிலம் சொந்தம். பிள்ளைகளுக்கு நிலம் விட்டுச் செல்ல விரும்பும் தகப்பனுக்கு, வழக்கம் காட்டும் ஒரே வழி கோடரியை எடுப்பதுதான். நிற்கும் காட்டுக்கு உரிமையாளர் இல்லை. எரிந்த காட்டுக்கு உண்டு. எந்தக் கூட்டத்தில் எத்தனை தீர்மானம் போட்டாலும் இம்முடிச்சு அவிழாதவரை பயன் குறைவுதான் என்பது என் கருத்து.

வெளிநாட்டுச் சந்தையும் காட்டுக்குள் நுழைகிறது. வனிலா மெக்சிகோவின் கொடி. அதன் பூவைக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யும் எளிய முறையை 1841-ல் ரெயூனியன் தீவில் கண்டுபிடித்தவன் எட்மண்ட் அல்பியுஸ் என்னும் 12 வயது அடிமைச் சிறுவன். இன்று உலக வனிலாவில் பெரும்பகுதி மடகாஸ்கரின் வடகிழக்கிலிருந்து வருகிறது. 2018 வாக்கில் அதன் விலை கிலோவுக்கு 600 டாலர் வரை ஏறியது, பின்னர் சரிந்தது. மரநிழலில் வளரும் கொடியாதலால் வனிலா காட்டுக்கு நண்பனாகவும் இருக்கலாம். விலை வெறி பிடித்தால் பகைவனாகவும் ஆகலாம்.

ஈட்டி மரத்தின் உறவினங்களான செம்மரங்களின் கதையில் இத்தகைய இருபுறமும் இல்லை. 2009-ல் ஆட்சி கவிழ்ந்து குழப்பம் நிலவியபோது, மசோவாலா, மரோஜெஜி தேசியப் பூங்காக்களுக்குள்ளேயே ஆட்களை அனுப்பி இம்மரங்களை வெட்டினர். மரச்சாமான்களுக்காகச் சீனாவுக்குப் போயிற்று. இக்கட்டை நீரில் மிதக்காது. ஆகவே, ஆற்றில் இழுத்து வர ஒவ்வொரு கட்டைக்கும் இலேசான வேறு மரங்கள் நான்கைந்தையும் வெட்டித் தெப்பம் கட்டினர். கிழக்குச் சரிவின் காடுகளை உலக மரபுச் சொத்தாக 2007-ல் அறிவித்த யுனெஸ்கோ, 2010-ல் அவற்றை ஆபத்திலுள்ளவை என்ற பட்டியலில் சேர்த்தது. 2025-ல்தான் அப்பட்டியலிலிருந்து அவை நீங்கின. இந்த வெட்டில் தாவி செய்யும் உழவருக்குக் கிடைத்தது கூலி மட்டுமே.

முள்காட்டு நாடு

தென்மேற்கின் முள்காடு பார்ப்பதற்கே விசித்திரமானது. உயரமான முள்தண்டுகள் இலையோடு வானத்தை நோக்கி நிற்கும். கள்ளி என்று நினைப்போம், ஆனால் கள்ளிக் குடும்பம் அன்று. இடையிடையே பீப்பாய் போன்ற அடிமரத்தில் நீரைச் சேமித்து நிற்கும் பெருக்க மரங்கள். இராமநாதபுரம் பக்கம் பப்பரப்புளி என்று சொல்கிறோமே, அதே குடும்பம். நம்முடையது ஆப்பிரிக்க இனம். மடகாஸ்கருக்கே உரியவையாக ஆறு இனங்கள் உள்ளன.

இந்தக் காட்டை நெருக்குவது நெல் அன்று, அடுப்புக்கரி. துலியாரா நகரத்துச் சமையலறைகள் முள்காட்டு மரங்களைச் சுட்ட கரியில்தான் இயங்குகின்றன. மெதுவாக வளரும் மரம். ஒருமுறை வெட்டினால் ஒரு தலைமுறைக்கும் மேல் காத்திருக்க வேண்டும். மழை பொய்த்த ஆண்டில், மக்காச்சோளம் காய்ந்த உழவருக்கு உடனே காசாகும் பொருள் ஒரு மூட்டைக் கரிதான்.

இங்குள்ள மக்களிடம் ‘ஃபாடி’ என்னும் விலக்கு முறை உண்டு. நம் ஊர்க் கோயில்காட்டில் சுள்ளிகூட ஒடிக்கக் கூடாது என்பார்களே, அதைப் போன்றது. தாண்ட்ராய், மஹாஃபாலி மக்கள் ஓட்டில் நட்சத்திரக் கோலம் போட்டாற்போன்ற கதிர் ஆமையைத் தொடுவதும் உண்பதும் விலக்கு. பாதுகாப்புச் சட்டங்கள் வருமுன்பே அந்த ஆமையைக் காத்தது இவ்விலக்குத்தான். ஆனால் ஃபாடி அதை ஏற்றவரை மட்டுமே கட்டும். வெளியிலிருந்து ஆமை பிடிக்க வந்தவர்களுக்கு அது இல்லை. 2018 ஏப்ரலில் துலியாராவில் ஒரே வீட்டுக்குள் 10,000-க்கும் மேற்பட்ட கதிர் ஆமைகள் நெரிசலாக அடைபட்டுக் கிடக்கக் கண்டனர். வெளிநாடுகளில் செல்லப் பிராணியாக விற்கப் பிடித்தவை அவை.

இந்த வட்டாரத்தின் பழங்கதை ஒன்று நமக்கும் நெருக்கமானது. வெளியிலிருந்து வந்த சப்பாத்திக்கள்ளி இங்கே எங்கும் பரவி, வறட்சியில் மாட்டுக்குத் தீவனமும் மனிதனுக்குப் பழமும் கொடுத்து வந்தது. 1920-களில் கள்ளியை அழிக்கும் செதிற்பூச்சி ஒன்று தீவில் புகுத்தப்பட்டது. அதே காலத்தில் சென்னை மாகாணத்திலும் இத்தகைய பூச்சியை விட்டுக் கள்ளியை ஒழித்தனர்; நம் உழவர்கள் மகிழ்ந்தனர். மடகாஸ்கரின் தெற்கிலோ, கள்ளி சில ஆண்டுகளில் அழிந்ததும் மாடுகள் மடிந்தன, பஞ்சம் வந்தது. ஒரே வகைப் பூச்சி, ஒரே வகைக் கள்ளி. ஆனால் அதை நம்பி வாழ்ந்தவர் இங்கே இல்லை, அங்கே இருந்தனர்.

2019 முதல் 2021 வரை தெற்கே இரண்டு மழைக்காலங்கள் அடுத்தடுத்துப் பொய்த்துக் கடும் பஞ்சம் ஏற்பட்டது. இத்தகைய ஆண்டுகளில் மக்கள் வடக்கே மேற்குக் கரைக்கு, மெனாபே வட்டாரத்துக்குப் பெயர்கின்றனர். அங்கே இலையுதிர் காட்டை எரித்து மக்காச்சோளமும் நிலக்கடலையும் போடுகின்றனர். சில ஆண்டுகளில் களை மிஞ்சியதும் அடுத்த திட்டு. உலகிலேயே மிகச் சிறிய முதனிலை விலங்கு, 30 கிராம் எடையே உள்ள ஒரு சுண்டெலி லெமூர், இந்த மெனாபே காட்டில் மட்டுமே வாழ்வது. 2000-ல்தான் அதற்கு அறிவியல் பெயர் இடப்பட்டது. அதன் மரம் எரிவதற்குக் காரணம் நூற்றுக்கணக்கான கி.மீ. தெற்கே பெய்யாத மழை.

புல்வெளியின் வழக்கு

தீவின் நடுமேட்டில் விமானத்திலிருந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மொட்டைக் குன்றுகளும் புல்லும்தான். குன்றுகளின் பக்கங்களில் ‘லவாக்கா’ என்னும் செம்மண் பள்ளங்கள், பெரிய காயங்களைப் போல் திறந்து கிடக்கும். மழைக்காலத்தில் பெட்சிபோகா ஆறு கழிமுகத்தில் செங்கல் நிறத்தில் கடலில் கலக்கிறது. விண்வெளியிலிருந்து எடுத்த படங்களில் இது தெளிவாகத் தெரிகிறது.

இவை அனைத்தும் ஒரு காலத்தில் அடர்ந்த காடாக இருந்தன, மனிதன் வந்து எரித்தான் என்று 1921-ல் பெரியே தெ லா பாத்தி என்னும் பிரெஞ்சுத் தாவரவியலார் எழுதினார். பாடநூல்கள் இதை அப்படியே திருப்பிச் சொல்லி வந்தன. பின்னாளில் ஏரிகளின் அடிச்சேற்றைத் துளையிட்டு எடுத்து, அடுக்கடுக்காகப் படிந்திருந்த மகரந்தத் தூள்களையும் கரித்துகள்களையும் ஆராய்ந்தனர். மனிதன் வருவதற்கு முன்பே அங்கே பல இடங்களில் புல்வெளி இருந்தது, தீயும் இருந்தது. 2016-ல் வெளியான ஓர் ஆய்வு தீவில் 541 புல் இனங்களைக் கணக்கிட்டு, அவற்றில் 40 விழுக்காடு வேறெங்கும் இல்லாதவை என்று காட்டியது. எல்லாப் புல்லும் நேற்று வந்த களையாக இருந்தால் இத்தனை சொந்த இனங்கள் தோன்றியிருக்க முடியாது. லவாக்காக்களிலும் சில மனிதனுக்கு முந்தியவை. புல்வெளி எந்த அளவுக்கு இயற்கை, எந்த அளவுக்கு மனிதத் தீயின் விளைவு என்பதில் அறிஞர்களிடையே வழக்கு இன்னும் முடியவில்லை.

இந்த வழக்கின் தீர்ப்பில் என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். புல்வெளியை அழிந்த காடு என்று கருதினால், மரம் நடுவதே மருந்தாகிவிடும். தொன்மையான புல்வெளியில் பைன் மரம் நட்டால், அங்கேயே பிறந்த புற்களும் பூச்சிகளும் நிழலில் மடியும். நீலகிரியில் சோலைக்காடுகளுக்கு இடைப்பட்ட புல்வெளிகளில் சீகை மரமும் தைலமரமும் நட்டு நாம் கண்ட பலன் இதுவே. ஆயினும் தைலமரத்தை எங்கும் ஒரே தராசில் நிறுக்கவும் கூடாது. தலைநகர் அந்தனனரிவோவின் அடுப்புக்கரி பெரும்பாலும் சுற்றுவட்டாரத் தைலமரத் தோப்புகளிலிருந்தே வருகிறது. அத்தோப்புகள் இல்லையென்றால் அந்நகரத்தின் அடுப்பு கிழக்குக் காட்டைத்தான் தின்னும். துலியாராவுக்கு இத்தகைய தோப்பு போதாததால்தான் முள்காடு கரியாகிறது.

அலவோத்ரா ஏரி

நாட்டின் மிகப் பெரிய ஏரி அலவோத்ரா. அதைச் சுற்றிய சமவெளி மடகாஸ்கரின் நெற்களஞ்சியம். நமக்குத் தஞ்சாவூர் போல. ஏரியின் ஓரத்திலுள்ள கோரைக் காடுகளில் ‘பாண்ட்ரோ’ என்னும் லெமூர் வாழ்கிறது. மரத்தை விட்டு நாணலில் குடியேறிய விலங்கு அது. உலகில் வேறெங்கும் இல்லை. நெல்வயலுக்காகக் கோரையை எரித்து வடித்தனர். குன்றுகளிலிருந்து இறங்கிய வண்டல் ஏரியை மேடாக்கியது. ஆகாயத்தாமரை பரவியது. உணவுக்காகக் கொண்டு வந்து விட்ட கெண்டையும் திலேப்பியாவும் நீர்த்தாவரங்களைத் தின்றன.

அந்த ஏரியையே நம்பி வாழ்ந்த முக்குளிப்பான் இனம் ஒன்று இருந்தது. நம் ஊர்க் கண்மாய்களில் மூழ்கி மூழ்கி எழும் சாதாரண முக்குளிப்பானும் அங்கே வந்து சேர்ந்து, அதனோடு கலப்புற்றது. வாழிடமும் போய், தனித்தன்மையும் போய், 2010-ல் அவ்வினம் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. அதே ஏரியில் 1991-ல் கடைசியாகக் காணப்பட்ட ஒரு வாத்து இனமும் போயிற்று என்றே நினைத்தனர். 2006-ல் வடக்கே ஒரு சிறு ஏரியில் அதன் மிகச் சிறிய கூட்டம் தென்பட்டது. முட்டைகளை எடுத்துப் பொரிக்க வைத்து வளர்த்து, 2018-ல் சோஃபியா என்னும் மற்றொரு ஏரியில் விட்டனர். விடுவதற்கு முன், அந்த ஏரிக்கரை உழவர்களோடும் மீனவர்களோடும் பல ஆண்டுகள் பேசி, வலையையும் வயலையும் பற்றி ஓர் இணக்கத்துக்கு வந்திருந்தனர்.

ஒற்றை நாற்று

தாவிக்கு மாற்று இல்லையா? உண்டு, அது தமிழ்நாட்டுக்கும் வந்திருக்கிறது. ஹென்றி தெ லொலானியே என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் 1983-ல் மடகாஸ்கரின் மேட்டு நிலத்தில், 15 நாள் நாற்றையே பிடுங்கி, ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு நட நேர்ந்தது. வயலில் நீரைத் தேக்காமல் காயவிட்டுக் கட்டினார். பயிர் எதிர்பாராத அளவுக்குத் தூர் வெடித்தது. 2000-க்குப் பிறகு நம் உழவர்கள் ஒற்றை நாற்று நடவு, திருந்திய நெல் சாகுபடி, செம்மை நெல் சாகுபடி என்ற பெயர்களில் செய்து வருவது இம்முறைதான்.

கிழக்குச் சரிவில் ரனோமஃபனா என்னும் காடு உண்டு. சயனைடு நஞ்சுள்ள மூங்கில் குருத்தைத் தின்றும் சாகாத பொன்னிற லெமூர் ஒன்றை 1986-ல் அங்கே கண்டுபிடித்ததை அடுத்து, 1991-ல் அது தேசியப் பூங்காவாயிற்று. பூங்காவைச் சுற்றியுள்ள உழவர்கள் பள்ளத்தாக்கு வயலில் ஒற்றை நாற்று நட்டு அதிகம் விளைவித்தால், சரிவில் தீ வைக்க வேண்டியிராது என்று 1990-களில் இம்முறையைக் கற்பித்தனர். செய்து பார்த்தவர்களின் விளைச்சல் நன்றாகவே உயர்ந்தது. ஆயினும் பலர் ஓரிரு ஆண்டுகளில் விட்டுவிட்டனர்.

காரணம் சோம்பல் அன்று. இளநாற்றைக் கவனமாக நடவும், அடிக்கடி களையெடுக்கவும், நீரை ஏற்றி இறக்கவும் ஆள் வேலை மிகுதி. அந்த வேலை வரும் மாதங்கள், போன அறுவடையின் நெல் தீர்ந்து போன பசி மாதங்கள். அன்று மாலைச் சோற்றுக்காக அடுத்தவர் வயலில் கூலிக்குப் போக வேண்டியவர், தம் வயலில் குனிந்து ஒற்றை நாற்று நட முடிவதில்லை. பாசன வாய்க்காலும் வடிகாலும் ஒழுங்காக உள்ள நம் ஊர்களில் பரவிய முறை, பிறந்த ஊரின் ஏழைகளிடம் தங்கவில்லை.

மேலும், பள்ளத்தாக்கில் வயல் உள்ளவருக்குத்தான் இந்தப் பேச்செல்லாம். சரிவு மட்டுமே உள்ள குடும்பத்துக்கு அது பயன்படாது. அவர்களுக்குச் சரிவிலேயே மரநிழலில் வனிலா, கிராம்பு, காபி வைக்கச் சொல்கின்றனர். மண் அரிப்பு குறையும், நிலம் கையை விட்டுப் போகாது, தீயும் வேண்டாம். ஆனால் வனிலாக் கொடி பூக்க மூன்று ஆண்டுகளாவது ஆகும். கிராம்பு மொட்டு எடுக்க அதைவிட இரு மடங்கு காலம் ஆகும். அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் அக்டோபர் வந்தால், அடுத்த ஆண்டு அரிசிக்கு என்ன செய்வது என்று அந்த உழவர் கேட்கிறார். அரிசியைக் கொடுத்தோ, கடனைக் கொடுத்தோ இக்கேள்விக்கு விடை சொன்ன ஊர்களில் சரிவுகள் பச்சையாக நிற்கத் தொடங்கியுள்ளன. சொல்லாத ஊர்களில் அக்டோபரில் புகை எழுகிறது.